லிஃப்டில் ஒரு சாம்பியன்

‘லிஃப்ட் பழுது’ என்ற அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு, பெரிய வேலையை முடித்தவர்போல ஸ்டூலில் உட்கார்ந்தார் எலெக்ட்ரீஷியன். பழுதைச் சரிசெய்யும் எண்ணம் அவருக்குத் துளியும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஹோட்டலின் அடித்தளத்தில் அந்த லிஃப்டுக்கு எதிரேதான் லாண்டரி அறை. துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த லாண்டரி அக்கா எட்டிப் பார்த்தார்.

“உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா தம்பி?”

“சாம்பியன்.”

அக்கா துண்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார். சாம்பியன் என்றால் அந்த ஹோட்டலில் ஒருவர்தான். டென்னிஸ் உலகத்தையே ஒரு காலத்தில் ஆட்டிப்படைத்துவிட்டு, இப்போது நாற்பதைத் தொடப்போகிறவர். வாசலில் ரசிகர் கூட்டம் மொய்த்ததால், பின்வழியாகப் போக ஊழியர் லிஃப்டில் தனியாக ஏறியிருந்தார். பின்சுவரை ஒட்டிய மைதானத்தில் அவருக்கு ஆட்டம்.

“ஐயையோ! சீக்கிரம் சரி பண்ணுப்பா!”

“சரியாத்தான் இருக்கு. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.”

எலெக்ட்ரீஷியனுக்குச் சாம்பியன்மேல் எந்தக் கோபமும் இல்லை. பெற்ற பிள்ளைக்கே அவர் பெயரை வைத்த ரசிகர். வம்பே அங்கேதான்.

“எதிராளிக்குப் பத்தொன்பது வயசுக்கா. இவரைப் பிழிஞ்சு காயப்போட்டுடுவான். போன மாசம் முதல் ரவுண்டுலயே மண்ணைக் கவ்வினாரு. என் பையன் ஸ்கூல்லேருந்து அழுதுக்கிட்டே வந்து, ‘என் பேரை மாத்துப்பா’ங்கறான்.”

“அதுக்கு?”

“ஆட்டத்துக்கே போகலைன்னா அது தோல்வியே இல்ல. இதோட கௌரவமா ஓய்வு பெறட்டும். சம்பாதிச்ச பேரைக் கெடுத்துக்கணுமா?”

“பேரு என்ன பாலா, வச்சிருந்தா திரிஞ்சுபோக? வாங்கின கோப்பையெல்லாம் பிடுங்கிட்டுப் போயிடுவாங்களா?”

“உச்சத்துல இருக்கிறப்பவே இறங்கிடணும்கா!”

“இறங்கத்தானே லிஃப்ட்ல ஏறினாரு? நீ எங்க இறங்க விட்ட?”

அதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கி சாம்பியனை அழைத்தது. பத்து நிமிடத்துக்குள் வராவிட்டால் எதிராளி வென்றதாக அறிவிக்கப்படும் என்றது. அக்கா லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டார்.

“மூச்சுப் பேச்சே காணோமேப்பா! உள்ள மணி கிணி இல்லையா?”

“கரண்ட் இல்லாட்டியும் மணியும் விளக்கும் பேட்டரில ஓடும். அமுக்கினா ஹோட்டலே அதிரும். ஆனா மனுஷன் அதைத் தொடவே இல்ல. என்ன பொறுமை பாத்தீங்களா! அதான்கா சாம்பியன்!”

“பின்ன? மொத ரெண்டு செட்டையும் தோத்துட்டு, அசராம அடுத்த மூணையும் ஜெயிக்கிறவராச்சே!”

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மூடிய கதவைப் பார்த்து இருவரும் கொஞ்ச நேரம் உருகினார்கள்.

அப்போது சாம்பியனின் பயிற்சியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“சாம்பியன் இந்தப் பக்கம் வந்தாரா? இன்னும் மூணு வருஷ ஒப்பந்தம் பாக்கி இருக்கு, இந்த நேரத்துல எங்க போய்த் தொலைஞ்சாரு?”

“லிஃப்டுதான் ஓடலையே சார், எப்படி வருவாரு?” என்றார் அக்கா. பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் ஓடினார்.

எலெக்ட்ரீஷியன் நன்றியோடு பார்த்தார். அக்கா விடவில்லை.

“உன் வேலை போயிடக் கூடாதேன்னு பொய் சொன்னேன். இப்ப நான் சொல்றதைக் கேளு. வருஷா வருஷம் இங்க வந்தா அவரு துணியைத் துவைக்கிறவ நான். ஆட வர்ற சின்னப் பசங்க துணியில சென்ட் வாசனை வரும். இவரு பனியன் வேர்வை உப்புல விறைச்சு நிக்கும். தோத்த நாள்லயும் அப்படித்தான். வலிக்கிறது அவர் முழங்காலு, முடிவும் அவருதுதான். ஓய்வு குடுக்க நீ யாரு, வேணாம்கிறதுக்கு நான் யாரு?”

எலெக்ட்ரீஷியனுக்கு மகனின் அழுத முகம் ஞாபகம் வந்தது. தோற்றால் அவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டார்.

ஓரடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்த லிஃப்ட் முனகியபடி இறங்கிக் கதவைத் திறந்தது. உள்ளே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மட்டைப் பையில் தலை சாய்த்து, கண்மூடிக் கிடந்தார் சாம்பியன்.

“மயங்கிட்டாருக்கா!” என்று அலறினார் எலெக்ட்ரீஷியன்.

அக்கா பதறிப்போய்ச் சாம்பியனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஐயா! எழுந்திரிங்கய்யா! ஓடுங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு!”

சாம்பியன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“அஞ்சு நிமிஷந்தானே? கதவைச் சாத்துங்கக்கா.”