சொல்தா நீட்டிய காகிதம்

"பயப்படாதீங்க. கீழே ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். மத்ததெல்லாம் கம்பெனி பாத்துக்கும்" என்று காகிதத்தை நீட்டினார் கறுப்புக் கண்ணாடிக்காரர்.

கருப்பையன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கையெழுத்துக் கேட்டு வந்த எவனும் அவன் குடும்பத்துக்கு நல்லது செய்ததில்லை. வாய்க்காலோரத்து நிலம், அவன் அப்பா வைத்த ஒரே ஒரு கைநாட்டில்தான் போனது.

கால் மணி நேரத்துக்கு முன்னால், வைக்கோல் பாரத்தோடு திருநள்ளாற்றிலிருந்து காரைக்காலுக்கு வந்துகொண்டிருந்தான். மாடுகள் இடது ஓரமாகத்தான் நடந்தன. எதிரே வந்த பியட் கார் அதே ஓரத்தில் நேராக வந்தது. கடைசி நேரத்தில் ஒதுங்கப் பார்த்து, வண்டிச் சக்கரத்தில் மோதி நின்றது. ஆரக்கால் நாலு முறிந்து வண்டி சாய, வைக்கோலில் பாதி சாலைக்குப் போனது.

இடித்தவன் ஓட வேண்டும், இடிபட்டவன் துரத்த வேண்டும். கருப்பையன் அறிந்த வழக்கம் அதுதான். இந்த மனிதர் ஓடவில்லை. இறங்கி வந்து, "தலை சுத்துதா? இது எத்தனை விரல்?" என்று கேட்டார். மாடுகளின் முழங்காலைத் தடவிப் பார்த்தார். பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியட்டும் என்று, டிக்கியிலிருந்த டயரை எடுத்து நடுச்சாலையில் வைத்தார்.

அதோடு விட்டாரா? சாக்பீஸால் கார் சக்கரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். காலால் அடி அளந்தார். கார், வண்டி, கொம்போடு இரண்டு மாடு என்று படமே வரைந்துவிட்டார். பிறகு கார் பானெட்டில் கார்பன் தாள் வைத்து, என்னவோ பாஷையில் இரண்டு பக்கம் எழுதினார். நகலிலும் பதிய வேண்டும் என்று பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினார். 'எம்மாங் கோவம்!' என்று நினைத்துக்கொண்டான் கருப்பையன்.

டீக்கடை சுப்பையன் மெல்ல வந்து அவன் காதைக் கடித்தான். "யாருன்னு தெரியுதா? சிலுவைராஜ். சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருபத்தஞ்சு வருசம் இருந்துட்டு, போன மாசந்தான் பென்ஷனோட வந்திருக்காரு. சட்டம் பூரா அத்துப்படி. படம் போட்டு எழுதறாருன்னா உன்னக் கோர்ட்டுல ஏத்தாம விடமாட்டாரு."

"இடிச்சது அவருதானே?"

"அந்த ஊருல வண்டியெல்லாம் வலது பக்கந்தான் போவுமாம், அந்தப் பழக்கம். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். காயிதத்துக்குத் தெரியுமா?"

"இப்ப என்னதான் பண்றது?"

"எதக் கேட்டாலும் ஒண்ணுமில்லேன்னு சொல்லு. பழியத் தூக்கி உன் மேலேயே போட்டுக்க. மனசு எறங்கிக் கிழிச்சுப் போட்டாலும் போட்டுருவாரு."

கருப்பையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனான். "ஐயா, எதுக்குங்க கையெழுத்து? எனக்குத்தான் ஒண்ணும் ஆவலீங்களே."

"சக்கரம் ஒடஞ்சிருக்கே?"

"அது பொங்கலுக்கு முந்தியே ஒடஞ்சதுங்க."

சிலுவைராஜ் குனிந்து பார்த்தார். முறிந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. "புதுசாத் தெரியுதே?"

"நல்ல மரங்க. எத்தன நாளானாலும் அப்படியேதான் இருக்கும்."

"அந்த மாடு நொண்டுதே?"

"அதுக்கு நடையே அப்படித்தாங்க. கன்னுக்குட்டியிலேருந்து."

சொல்லிவிட்டு மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் கோர்ட்டு வாசலில் வண்டியும் மாடும் மாசக்கணக்கில் நிற்பதை நினைத்தால், ஆரக்கால் நாலு போனது பெரிதாகத் தெரியவில்லை.

சிலுவைராஜ் பேனாவை மூடவில்லை. "கடைசியா ஒண்ணு. ரொம்ப முக்கியம், யோசிச்சுச் சொல்லுங்க. யாரு தப்பான பக்கம் வந்தது?"

சுப்பையன் கூட்டத்திலிருந்து கண்ணைக் காட்டினான்.

"நாந்தாங்க" என்றான் கருப்பையன். "மாட்டுக்கு லெப்டு ரைட்டு தெரியாதுங்களே."

"நிச்சயமா?"

"சனீஸ்வரன் சத்தியமா!"

சொன்ன பிறகுதான் யார் பேரைச் சொன்னோம் என்று உறைத்தது. திருநள்ளாற்றுக் கோபுரம் இருந்த திசையில் மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டுவைத்தான்.

சிலுவைராஜ் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பெருமூச்சு ஒன்று விட்டு, காகிதத்தையும் அதன் நகலையும் சேர்த்துப் பிடித்து இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்தார்.

கருப்பையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுப்பையன், 'பாத்தியா, நான் சொன்னேன்ல?' என்பதுபோல் மீசையைத் தடவினான். எல்லாரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தி முட்டுக் கொடுத்து, சாலையில் கிடந்த வைக்கோலை அள்ளி ஏற்றினார்கள். சிலுவைராஜும் இரண்டு கட்டு தூக்கிப் போட்டார். பிறகு கருப்பையனின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் நகர்ந்தது. நாலடி போய் நின்றது. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"நீங்க ரொம்ப நல்ல மனுசங்க! தப்பு பூரா என்னுது, இவருக்குப் புது வண்டி வாங்கிக் குடுக்கணும்னுல்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி வச்சிருந்தேன்!"