கதவுக் கைப்பிடி

மேடையில் காரின் மீதிருந்த துணியை உருவினார்கள். அவள் நகத்தைக் கடித்தாள்.

டிவியில் நேரலை. சோபாவில் பக்கத்தில் கணவன், அவன் மடியில் லேப்டாப். புது செடான் மேடையில் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் அவனுடைய கார் பிரியர்கள் குழு வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டது.

முன்பக்கம் சலூன் சீப்பு மாதிரி இருக்கிறதாம். உள்ளே ஒரு டிவி கடையையே மாட்டி வைத்திருக்கிறார்களாம். கையால் போடுகிற கியர் கிடையாதாம். அது இல்லாத வண்டியை ஓட்டுவதற்கு பஸ்ஸில் போகலாமாம்.

ஒருவரும் இன்னும் அதில் ஏறி உட்காரக்கூட இல்லை. ஆனால் கோவையிலிருந்து ஒரு பல் டாக்டர், சஸ்பென்ஷன் சரியில்லை என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

அவன் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிச் சிரித்தான்.

அவள் வேலை செய்யும் கம்பெனியின் கார் அது. வரைகிற வேலை. நான்கு வருஷம். எதை யார் வரைந்தது என்று வெளியீட்டு நாள்வரை வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அவள் திறக்கவில்லை.

அவனாக ஒரு முடிவுக்கு வந்திருந்தான். பெண்களுக்கு அங்கே சீட்டுத் துணியும் நிறமும்தான் கொடுத்திருப்பார்கள். அதனால் வெளியே எதைத் திட்டினாலும் வீட்டுக்குள் சேதாரம் இல்லை.

திட்டவும் வேண்டியிருந்தது. பெண்டாட்டி கம்பெனி என்று சலுகை காட்டுகிறான் என எவனும் சொல்லிவிடக் கூடாதே.

கேமரா வண்டியின் பின்னால் போய் நின்றது. விளக்குகள் எரிந்தன.

அவள் டிவியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் விறுவிறுவென்று அடித்தான். அடித்ததை அனுப்பிவிட்டு உரக்கப் படித்தான்.

"ஊர் உலகத்துல எல்லாரும் இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே விளக்கா போடறான். இவனுங்க மட்டும் நடுவுல வெட்டி வெச்சிருக்கானுங்க. காசு பத்தலையா, இல்ல வரைஞ்சவன் பாதியில தூங்கிட்டானா?"

குழுவில் கைதட்டல் கொட்டியது.

முன்பொரு தடவை திண்டிவனத்திலிருந்து இருட்டில் வந்துகொண்டிருந்தபோது இதே ஆள்தான் புலம்பினான். எல்லா வண்டிக்கும் முதுகில் ஒரே சிவப்புக் கோடு, எது எந்த வண்டி என்றே தெரியவில்லை, தூரத்தில் பார்த்ததுமே இன்ன வண்டி என்று தெரிய வேண்டாமா என்று வழியெல்லாம் அதே பாட்டு.

மறுநாள் அவள் தான் வரைந்துகொண்டிருந்த பின்விளக்கில் அந்தக் கோட்டை நடுவில் உடைத்தாள். இரண்டு முனைகளையும் லேசாகக் கீழே வளைத்தாள். அதை யாரும் திரும்ப ஒட்டிவிடாமல் காப்பாற்ற எத்தனை மீட்டிங், எத்தனை சண்டை.

அவன் கேட்ட விளக்கு அது.

அவளுக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது.

"இனிமே சொல்லலாமே. உன்னோடது எது? சீட்டா?"

ஆசையாகத்தான் கேட்டான். அதுதான் இன்னும் எரிந்தது.

"கதவுக் கைப்பிடி" என்றாள்.

கைப்பிடியை வரைந்தவன் கேதார். புனேக்காரன், அவளுக்கு அடுத்த மேசை. அந்தப் பின்விளக்கைப் பார்த்து ஆபீசில் முதலில் சிரித்தவனும் அவன்தான்.

கணவன் படத்தைப் பெரிதாக்கிக் கைப்பிடியைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். இந்த வண்டியிலேயே உருப்படியான ஒரே பொருள் அந்தக் கைப்பிடிதான் என்று குழுவில் எழுதினான்.

பழைய ஃப்ரிட்ஜின் கைப்பிடி மாதிரி இருக்கிறது என்றார் பல் டாக்டர்.

அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த சண்டை அந்த வாரம் முழுக்க ஓடியது. கைப்பிடியின் வளைவு என்ன, விரல் உள்ளே போய் உட்காருகிற அழகு என்ன, பத்தி பத்தியாக எழுதினான். டாக்டரைப் பல்லைப் பிடுங்குகிற வேலையை மட்டும் பார்க்கச் சொன்னான். கடைசியில் குழுவிலிருந்தே அவனைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பற்றி அவன் இவ்வளவு நல்ல வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை.

எல்லாம் கேதாருக்குப் போய்ச் சேர்ந்தது.

மழைக்காலம் வந்தது. புது வண்டிகள் ரோட்டுக்கு வர ஆரம்பித்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டைத் தாண்டி வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் ஓட்டினான். பொழுது சாய்ந்து தூறல் போட்டது. வெகு தூரத்தில், லாரிகளுக்கு நடுவே, ஏதோ ஒரு வண்டி பிரேக் பிடித்தது.

"அதோ பார், உன் வண்டி."

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டிக் காட்டினான். முகமெல்லாம் சந்தோஷம்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இவ்வளவு தூரத்துல எப்படித் தெரிஞ்சுது?"

"கைப்பிடி..." என்று ஆரம்பித்தான்.

நிறுத்தினான்.

முன்னால் இரண்டு சிவப்புக் கோடுகள் போய்க்கொண்டிருந்தன. நடுவில் இருட்டு.

அவன் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது. வண்டி தளர்ந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போனது.

ஏதாவது சொல் என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

அவள் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.