பச்சைத் தண்ணீர்

காலை வெயில் நீச்சல் குளத்தின் மேல் விழுகிறது, தண்ணீர் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்கிறது. நீளக் கம்பியில் மாட்டிய பிரஷ்ஷோடு விளிம்பில் நிற்கும் வீட்டுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போன வாரம்தான் சுவரெல்லாம் தேய்த்து, குளோரின் போட்டு, ஃபில்டரைக் கழுவினார். தினமும் மோட்டாரை ஓடவிட்டுத்தான் படுக்கப் போகிறார். இன்றைக்குப் பார்த்தால் மறுபடியும் பச்சைப் பசேல். பிரஷ்ஷைத் தூக்கினால் பாசி நூல்நூலாக வழிந்து செருப்பில் சொட்டுகிறது. தேய்த்த இடம் ஒரு கணம் வெளுக்கிறது, உடனே பச்சை புகையாய்க் கிளம்பி அதை மூடிவிடுகிறது. "என்ன கண்றாவிடா இது" என்று முனகும்போதுதான் மோட்டார் சத்தமே இல்லை என்பது உறைக்கிறது. திரும்புகிறார். ஈரத்தலையில் துண்டு கட்டிய மனைவி, சுவிட்ச் மேல் விரலை வைத்தபடி நிற்கிறாள்.

"நீயா நிறுத்தினே?"

"தினமும் நீங்க தூங்கினப்புறம் நான்தான் நிறுத்தறேன். காலைல நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள திரும்பப் போட்டுடுவேன்."

"எதுக்குடி?"

அவள் சன்னலைப் பார்க்கிறாள். உள்ளே மகள் தூங்குகிறாள். போன மாதம் இதே விளிம்பில் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தவள். "பச்சையா இருந்தா பாப்பா அருவருத்துக்கிட்டு கிட்டவே வரமாட்டா."

கோபப்படுவதா, அவள் தோளைத் தொடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தெளிந்த தண்ணீரின் அடித்தரையில் மகளின் சிவப்பு கவுன் பளிச்சென்று தெரிந்ததால்தான் அவர் குதித்தார். பிரஷ்ஷை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குகிறார். ஒரு முழம் போனதும் அது காணாமல் போகிறது.

"இங்க வந்து பாரேன்," என்கிறார்.