இன்னும் நான்கு பேர் தேவை

அந்த அடுக்ககத்தில் ஆறு பேர் சேராமல் லிஃப்ட் கிளம்பாது. ஒற்றை ஆளுக்காக லிஃப்ட் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் எங்கோ நிலக்கரி எரிந்து புகைகிறது என்று மூன்று கூட்டங்களில் வாதாடி அந்த விதியைக் கொண்டுவந்தவர், சங்கச் செயலாளர் எத்திராஜேதான்.

இன்று அவர் முழங்கால் அறுவை முடிந்து, ஊன்றுகோலோடு, மத்தியான வெயிலில் மனைவி வேதவல்லியுடன் வந்து நின்றார். வீடு ஒன்பதாம் மாடி.

"இன்னும் நான்கு பேர் தேவை" என்றது லிஃப்ட்.

"நீங்க போட்ட விதிதானே, நல்லா அனுபவிங்க" என்ற வேதவல்லி, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி தட்டிவிட்டாள்.

சற்று நேரத்தில் படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். ஏழாம் மாடி நசீமா கரண்டியும் கையுமாக இறங்கி வந்தாள். ஐந்தாம் மாடி ஜான்சி கணவனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாடி லூர்து சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து சேர்ந்தார்.

"ரெண்டு பேரைத் தூக்குறதைவிட ஆறு பேரைத் தூக்கினா கரண்ட் ஜாஸ்தியாச்சே" என்று முனகினார் எத்திராஜ்.

"பேசாம ஏறுங்க சார்" என்று நசீமா கரண்டியை ஆட்டினாள்.

ஒன்பதாம் மாடியில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நால்வரும் சிரித்துப் பேசியபடி படியிறங்கிப் போனார்கள்.

"முதல்ல அந்த விதியை எடுங்க" என்றாள் வேதவல்லி.

படிக்கட்டில் அவர்கள் பேச்சுச் சத்தம் தேய்ந்து மறையும்வரை எத்திராஜ் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்டி. வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கப் போகணுமே, அப்பவும் வருவாங்கல்ல?"