மாலைக்குள் வெள்ளை

“எம்புள்ளைய முழுங்கிட்டாளே!” என்று பிணத்தின் முன்னாலேயே மாமியார் கோமளம் வைததை வினோதினி மறக்கவில்லை. கூடத்தில் மாலையோடு தொங்கியது கணவனின் படம்; காகிதம்போலத் தோன்றும் மின்தாள் திரை. மின்சாரம் நின்றாலும் அழியாது. ஆனால் அதன் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக மாற்ற அவளுக்குத் தெரியும்; அவள் வேலையே அதுதான். தினமும் விளக்கேற்றிய கையோடு, கைப்பேசியிலிருந்து அவன் முகத்தில் சில கறுப்புப் புள்ளிகளை வெள்ளையாக்கினாள்.

“எம்புள்ள மங்கிட்டே போறான்மா.”

“உங்க கண்ணுல புரை, அத்தை.”

புரை எடுத்துவிட்டு வந்த கோமளம் நேராகப் படத்தின் முன் போய் நின்றாள். “மாலையில ஊர்ற எறும்புகூடத் தெரியுது. அவன் எங்கடி?”

வெறும் வெள்ளைத் திரையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வினோதினி சொன்னாள்: “சிரிச்சிட்டுத்தானே இருக்காரு. உங்களுக்குத் தெரியலையா, அத்தை?”