பெயர் எழுதாத படிவம்

இர்பித் நகரின் பெண்கள் பள்ளி ஒன்றில், இனி ஒவ்வொரு மாணவிக்கும் தனித்தனிக் கற்றல் திட்டம், அதுவும் கம்ப்யூட்டரில் என்றார்கள். கணக்கு ஆசிரியை இப்திஹாலுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "முப்பது பிள்ளைக்கு முப்பது திட்டமா? நான் ஓய்வு வாங்கிக்கறேன்" என்று தலைமையாசிரியையிடம் சொல்லியும் விட்டாள்.

முதல் படியாக, பக்கத்துத் தோழிக்கு எது வரும், எது வராது, எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று மாணவிகள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த படிவங்களை வகுப்பில் எண்ணினாள். முப்பத்தொன்று இருந்தன. ஒன்றில் மட்டும் யாரைப் பற்றியது என்று பெயர் இல்லை.

'கணக்கில் புலி. தெரியாததைக் கேட்கக் கூச்சம். கம்ப்யூட்டரைத் தொட்டாலே கோபம் வரும். நாலு பேர் முன்னால் திருத்தக் கூடாது. இடைவேளையில் கால் மணி நேரம் போதும்.'

இடைவேளையில் வகுப்புத் தலைவி தக்வாவை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

"யாருடி இது? லுஜைனா?"

"அவ வாய் ஓயாம கேப்பாளே மிஸ்!"

"அப்ப ரஹஃபா?"

"அவ கம்ப்யூட்டரை மடியில வச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவா."

"பின்ன யாரு? பாவம், இத்தனை நாளா யாருமே கவனிக்கலையே!"

தக்வா தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க மிஸ். நாங்க எல்லாரும் சேர்ந்து எழுதினோம். அது உங்களுக்கு."

இப்திஹால் படிவத்தை மறுபடி ஒரு முறை படித்தாள். எழுந்து போய் வகுப்புக் கதவைச் சாத்தினாள்.

"சரி, யாருடி எனக்கு டீச்சர்?"