ஒண்ணுமே இல்லாத படம்

"இதுக்குப் போய்க் காசு கொடுத்தியாம்மா?"

சுவரைப் பார்த்து முகம் சுளித்தார் அண்ணன். தங்கை காலையில்தான் மாட்டியிருந்தாள். பாதிச் சுவரை அடைக்கிற படம். ஆளில்லை, மரமில்லை. மேலே சிவப்பு, கீழே மஞ்சள், அவ்வளவுதான்.

"பெரிய ஓவியர் வரைஞ்சதுண்ணா. இது அதோட பிரிண்ட்."

"உனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு. இங்க இருந்த கடிகாரம் எங்கே?"

"அதைச் சமையலறையில மாட்டிட்டேன்."

அவள் கணவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவள் அண்ணன், அதாவது அவன் மச்சான், வருகிறேன் என்று சொன்னதிலிருந்தே அவனுக்குச் சரியான தூக்கமில்லை.

மச்சானின் தையல் கடையில்தான் அவன் கட்டிங் மாஸ்டர். போன வாரம் ஒரு சட்டைக் கழுத்தைக் கோணலாக வெட்டிவிட்டான். துணியில் போடும் சாக்பீஸ் கோடு இப்போதெல்லாம் புகை மாதிரிதான் தெரிகிறது. கட்டை விரலால் தடவித் தடவித்தான் கத்தரியை ஓட்டுகிறான். வெளியே தெரிந்தால் அந்தக் கத்தரி வேறு கைக்குப் போய்விடும். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அந்தப் பயத்தில் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

"மாப்ளே, நீங்க சொல்லுங்க. இந்தப் படத்துல உங்களுக்கு என்ன தெரியுது?"

கேட்டவர் படத்தைப் பார்க்கவில்லை. இவன் கண்ணையே பார்த்தார்.

அவனுக்கு எதிரே இரண்டு நிறம் மங்கலாக நின்றது. அதற்குள் ஒரு பறவை இருக்கலாம், ஒரு முகம் இருக்கலாம். குத்துமதிப்பாக எதையாவது சொன்னால் வசமாக மாட்டிக்கொள்வான். பெண்டாட்டி பக்கம் திரும்பினான். அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"மேல செவப்பு. கீழ மஞ்சள்." முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டே சொன்னான். "வேற... எனக்கு ஒண்ணும் தெரியல மச்சான்."

மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பாத்தியாம்மா, மாப்ளைக்கும் ஒண்ணும் தெரியலையாம். இருந்தாத்தானே தெரியும்! கடையில பசங்க உங்க கண்ணைப் பத்தி என்னென்னமோ சொன்னாங்க மாப்ளே. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

காப்பியைக் குடித்துவிட்டு, தங்கைக்கு இன்னும் நாலு புத்தி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவு சாத்திய பிறகும் அவனுக்குப் பயம் தெளியவில்லை. அதை மறைக்கத்தான் கோபப்பட்டான்.

"கடையில வேற படமே இல்லையா? பூ, பறவைன்னு ஊர்ப்பட்டது இருந்திருக்குமே. உங்க அண்ணன் சிரிக்கிற மாதிரி இதை எதுக்கு எடுத்தே?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூ இருந்தா எத்தனை பூன்னு கேட்டிருப்பார். கடிகாரம் இருந்தா மணி என்னன்னு கேட்டிருப்பார். இன்னிக்குத் தப்பிச்சாச்சு. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம், நானும் கூட வர்றேன்."